ஏழாம் தேதியிட்ட கடிதம்

1960 ஜூலை 12
தொற்றுநோய் மருத்துவமனை ஆய்வுக்கூடம், துறைமுக நகர்

கான்பாரா டாக்டர் அவர்களுக்கு,

என் மகள் மியோவின் இறுதிச் சடங்கன்று நீங்கள் வாசலிலேயே ஊதுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டீர்கள். பேச வாய்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மாமியார் சொன்னது இவ்வளவுதான். ஜூன் இருபத்தைந்தாம் தேதி மாலை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இரவுக்குள் ரத்தமும் சளியும். மறுநாள் காலை நீங்கள் வந்தீர்கள். மாத்திரை கொடுத்தீர்கள், பிறகு ஊசி போட்டீர்கள். இருபத்தேழு காலையில் வலிப்பு வந்தது. நான் ஏறிவந்த படகு கரை சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எந்த மாத்திரை, எத்தனை வேளை, எந்த ஊசி, எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மாமியாருக்கு மருந்தின் பெயர் தெரியவில்லை. "டாக்டர் நல்ல மருந்துதாம்மா குடுத்தாரு" என்று மட்டும் சொல்கிறார். நான் இந்த மருத்துவமனையில் கிருமி வளர்த்துப் பார்க்கும் வேலை செய்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர்களைச் சொன்னால் எனக்குப் புரியும்.

மொரிவாக்கி இட்சுகோ


1960 ஜூலை 17
குரோசே தீவு

மொரிவாக்கி வீட்டு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதால்தான் பதில் எழுதுகிறேன். கணக்கு கேட்கிற தோரணையில் வேறு யார் எழுதியிருந்தாலும் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். உன் புருஷன் இந்தக் கையில்தான் பிறந்தான். அவனைக் கடல் கொண்டுபோனபோது கரையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அதையாவது நீ மறந்திருக்கமாட்டாய்.

முதலில் குளோராம்பெனிகால் கொடுத்தேன். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. கேட்கவில்லை என்றதும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. அதற்கும் அடங்காமல் போகவே டெட்ராசைக்ளின். இரண்டு தொடையிலும் உப்புநீர் ஏற்றினேன். நகரத்து டாக்டர் எவனும் இதைவிட அதிகமாகச் செய்திருக்கமாட்டான். நாலு வயசுப் பிள்ளைகளுக்கு வருகிற சீதபேதி அப்படித்தான். காலையில் ஓடியாடும், மறுநாள் இருக்காது. முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் அஜாக்கிரதையாக இருந்தவன் அல்ல. ஏப்ரலில் பக்கத்துத் தீவில் சீதபேதி என்று கேள்விப்பட்டதும், நோய் வருமுன்பே, பாலர் பள்ளியின் முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் பத்து நாள் குளோராம்பெனிகால் கொடுத்தேன். என் பேரன் கோஹெய்க்கும் சேர்த்துத்தான். உன் மகளும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாள். கசக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். அதற்காக ஒரு மிட்டாயும் கொடுத்தேன். இதற்குமேல் ஒரு மனுஷன் என்ன செய்வான்?

மாமியாரைக் கவனித்துக்கொள். கஞ்சியும் உமேப் பழ ஊறுகாயும் தவிர எதுவும் இறங்கவில்லையாம் அவளுக்கு.

கான்பாரா


1960 ஜூலை 25

கான்பாரா டாக்டருக்கு,

எனக்குப் பெயர் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

சடங்கன்று எல்லோரும் மியோவின் உடலைச் சுற்றி அமர்ந்திருந்தபோது நான் கொல்லைப்பக்கம் போனேன். அவளுக்குக் கடைசியாகக் கட்டிய துணி இன்னும் துவைக்காமல் வாளியில் கிடந்தது. அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, என் சோற்றுப் பெட்டிக்குள் வைத்து, அன்று மாலைப் படகிலேயே கொண்டுவந்துவிட்டேன். பெற்ற மகளின் சடங்கில் பாதியில் எழுந்துபோன தாய் என்று தீவு பேசுகிறதாம். பேசட்டும்.

அந்தத் துணியிலிருந்து கிருமியை எடுத்துத் தட்டில் வளர்த்தேன். மருந்து நனைத்த காகித வட்டங்களை அதன்மேல் வைத்தேன். மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் ஒரு தெளிந்த வளையம் விழும். சல்பா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின். நான்கில் ஒன்றைச் சுற்றியும் வளையம் இல்லை. வட்டத்தின் விளிம்புவரை கிருமி மண்டியிருந்தது. நீங்கள் என் மகளுக்குக் கொடுத்தவை எல்லாம் அந்தக் கிருமிக்கு வெறும் தண்ணீர்.

அதோடு நிறுத்தவில்லை. அதே துணியில், எல்லோர் குடலிலும் சும்மா குடியிருக்கிற, ஒரு தீங்கும் செய்யாத கிருமிகளும் இருந்தன. அவற்றையும் வளர்த்தேன். அவையும் அதே நான்கு மருந்துகளைத் தாங்கின. எங்கே கற்றன? ஏப்ரலில், உங்கள் வரிசையில். பத்து நாள் மாத்திரையில் மருந்துக்குச் சாகிறவை எல்லாம் செத்துவிட்டன. தாங்குகிறவை மட்டும் மிஞ்சி, காலியான இடத்தில் பெருகிவிட்டன. ஜூனில் சீதபேதிக் கிருமி உள்ளே வந்தபோது இவை அந்த வித்தையை அதற்குக் கொடுத்துவிட்டன. ஒன்றோடொன்று ஒட்டினாலே போதும், நான்கு மருந்துக்கான தாக்குப்பிடிப்பும் மொத்தமாகக் கைமாறிவிடும் என்று நம் நாட்டு ஆய்வாளர்களே போன வருடம் கண்டுபிடித்திருக்கிறார்கள். நீங்கள் படிக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தீர்கள்.

நோய் இல்லாத முப்பத்தொரு வயிறுகளில் நீங்கள் வளர்த்ததுதான் என் மகளைக் கொன்றது. மிட்டாய் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் மறக்கமாட்டேன்.

மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன்.

இட்சுகோ


1960 ஆகஸ்ட் 2

மொரிவாக்கி இட்சுகோவுக்கு,

பெயரை எழுதிவிட்டேன். திருப்திதானே.

தட்டும் வட்டமும் எனக்குக் காட்டாதே. நீ தட்டு கழுவுகிறவள். நான் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கிறவன். ஏப்ரலில் நான் மாத்திரை கொடுக்காமல் இருந்து நோய் வந்திருந்தால், "டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்" என்று இதே கையால் எழுதியிருப்பாய்.

ஜூன் பத்தொன்பதாம் தேதி நீ தீவுக்கு வந்தாய். தொற்றுநோய் மருத்துவமனையிலிருந்து நேராகப் படகேறி வந்தாய். இலையில் சுற்றிய மோச்சிக் கொழுக்கட்டை உன் கையாலேயே செய்து கொண்டுவந்தாய். உன் மகள் மூன்று தின்றாளாம். உன் மாமியார்தான் சொன்னாள். ஆறாவது நாள் அவளுக்கு நோய். அதுவரை இந்தத் தீவில் ஒரு பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு இல்லை. நாலு மருந்தைத் தாங்குகிற கிருமி எங்கே அதிகம் என்று சொல். உங்கள் மருத்துவமனையிலா, என் பாலர் பள்ளியிலா?

இரண்டு வயசிலேயே பிள்ளையைக் கிழவியிடம் விட்டுவிட்டு, ஊரான் பீயில் கை வைக்கப் போனவள் நீ. என்னிடம் பொறுப்பு பேசாதே.

சுகாதார அலுவலகத்துக்கு எழுது. தபால்தலை வேண்டுமானால் நான் அனுப்புகிறேன்.

கான்பாரா


1960 ஆகஸ்ட் 11

டாக்டருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே என் மலத்தை எடுத்துத் தட்டில் போட்டேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு முறை. மூன்றிலும் சீதபேதிக் கிருமி இல்லை. ஜூனில் இருந்து பிறகு போயிருக்கலாமே என்பீர்கள். ஜூன் பதினைந்தாம் தேதி மருத்துவமனை வழக்கப்படி எல்லா ஊழியர்களையும் சோதித்தார்கள். அப்போதும் இல்லை. பதிவேட்டில் இருக்கிறது.

இருந்தும் அந்த முதல் தட்டைத் திறக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. என்னை அந்த நிலையில் நிறுத்தினீர்கள். அதையும் உங்கள் பேரில்தான் எழுதிவைக்கிறேன்.

கிருமி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன். பாலர் பள்ளிக் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருபதடி தூரத்தில் முள்ளங்கித் தோட்டம். அதற்கு மனித மலம்தான் உரம். ஜூன் இருபதாம் தேதி அடைமழை. இதைப் பார்க்க டாக்டர் படிப்பு வேண்டாம். மாத்திரை வாங்க அலைந்த நேரத்தில் நீங்கள் அந்தக் கிணற்றை மூடச் சொல்லியிருக்கலாம்.

அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். அதிகாரி வருவார். நீங்கள் அந்த வெள்ளை அங்கியைக் கழற்றிவைப்பதை நான் பார்க்கவேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம். ஆறுதல் வேண்டாம், மாமியாரின் கஞ்சிக் கதை வேண்டாம். காலையில் எழுவதே அதற்காகத்தான்.

இட்சுகோ


1960 செப்டம்பர் 5, திங்கள்

இட்சுகோ அவர்களுக்கு,

அதிகாரி வந்தார். கிணற்றைப் பார்த்தார். என் பதிவேட்டை எடுத்துப்போயிருக்கிறார். அது கிடக்கட்டும்.

போன வாரப் புயல் மழைக்குப் பிறகு மறுபடி வந்துவிட்டது. மூன்று பிள்ளைகள். என் பேரன் கோஹெய், ஆறு வயசு. மீன் உலர்த்தும் தாகோவின் மகன். தபால்காரர் ஓகியின் மகள் கியோ, ஐந்து வயசு. மூவருக்கும் ரத்தம் போகிறது. நேற்றுக் கோஹெய்க்கு நாற்பது டிகிரி காய்ச்சல். நான்கு மருந்தில் எதை எடுத்தாலும் உங்கள் கடிதம்தான் கண்முன் நிற்கிறது. கொடுக்கிறேன், கேட்கவில்லை. உப்புநீர் மட்டும்தான் இவர்களைப் பிடித்துவைத்திருக்கிறது. கடலில் பெரிய அலை. பிள்ளைகளைப் படகில் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

மூவரின் மலத்தையும் தனித்தனிக் குப்பியில் அடைத்துப் பெயர் எழுதி இந்தக் கடிதத்துடன் படகோட்டியிடம் கொடுத்திருக்கிறேன். மாலைக்குள் உங்கள் கையில் கிடைக்கும். எந்த மருந்து கேட்கும் என்று உங்கள் தட்டு சொல்லுமானால், எனக்குச் சொல்லுங்கள். தந்தியானாலும் சரி, அடுத்த படகானாலும் சரி.

ஓகியிடம் அவர் மகளின் குப்பியை வாங்கப் போனபோது, "யாருக்கு டாக்டர் அனுப்புறீங்க?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். "அப்ப சரி. அவங்க பிள்ளையைப் பறிகுடுத்தவங்க. பார்த்துக்குவாங்க" என்றார்.

என்மேல் உங்களுக்கு உள்ள பகையை நான் குறைக்கச் சொல்லவில்லை. பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

கான்பாரா ஷூசோ


1960 செப்டம்பர் 7, புதன்

கான்பாரா டாக்டருக்கு,

குப்பிகள் திங்கள் மாலை வந்தன. அன்றே தட்டில் போட்டேன். இன்று காலை முடிவு தெரிந்தது. மூன்றும் ஒரே கிருமி. மியோவிடம் இருந்த அதே வகை. நான்கு மருந்தையும் தாங்குகிறது. கானாமைசினைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் விழுந்திருக்கிறது.

அது புது மருந்து, உங்களிடம் இருக்காது. தலைமை டாக்டர் மூன்று பிள்ளைகளுக்கும் போதுமான அளவு கொடுத்திருக்கிறார். இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. அளவைத் தனித் தாளில் அவரே எழுதியிருக்கிறார். மற்ற நான்கையும் உடனே நிறுத்துங்கள். உப்புநீரை நிறுத்தாதீர்கள். கிணற்றுக்குப் பூட்டுப் போடுங்கள். துணிகளைக் கொதிக்கவையுங்கள். நோய் இல்லாத ஒரு பிள்ளைக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள்.

இட்சுகோ


1960 செப்டம்பர் 19

இட்சுகோ அவர்களுக்கு,

மருந்து பத்தாம் தேதி மதியம் என் கைக்கு வந்தது. அன்று மாலைக்குள் கோஹெய்க்கு ரத்தம் குறைந்தது. மூன்றாம் நாள் சோறு கேட்டான். தாகோவின் மகனும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

ஓகியின் மகள் கியோ ஒன்பதாம் தேதி சாயங்காலம் இறந்துபோனாள்.

மறுநாள் உங்கள் பொட்டலத்தை மேட்டுத் தெருவழியாகத் தூக்கிவந்தவர் ஓகிதான். வேறு யாரையாவது அனுப்பலாமே என்று கேட்டேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றார். என் கையில் கொடுத்துவிட்டு, திறந்து பார்க்கும்வரை நின்றார். மருந்துதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பிறகு, பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்து முடித்து, உறையை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். கடிதத்தில் உங்கள் கையெழுத்தில் ஏழாம் தேதி. உறையின்மேல் தபால் முத்திரை ஒன்பதாம் தேதி. துறைமுக நகரிலிருந்து தபால் ஒருநாளில் வந்துவிடும். ஏழாம் தேதி, எட்டாம் தேதி இரண்டு நாளும் படகு ஓடியது. நானே துறையில் போய் நின்றேன். தந்தி அலுவலகமும் திறந்திருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓகியிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. பதினைந்தாம் தேதி பாலர் பள்ளியில் எல்லாப் பெற்றோரையும் கூட்டி, ஏப்ரலில் நான் கொடுத்த மாத்திரை என்ன செய்தது என்று உங்கள் கடிதத்தில் உள்ளபடியே படித்துச் சொன்னேன். ஒருத்தி என் காலடியில் துப்பினாள். என் மருத்துவமனையை மூடிவிட்டேன். வேறு டாக்டர் வரும்வரை, உப்புநீர் ஏற்ற மட்டும் கூப்பிட்ட வீட்டுக்குப் போகிறேன். என் பங்கை நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள் பங்கு அந்த உறையில் இருக்கிறது. அதை என் மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருக்கிறேன். நான் சாகும்வரை அது அங்கேயே இருக்கும். நீங்கள் காலையில் எழுவதற்கு இனி இந்த ஒரு காரணமும் சேர்ந்துகொள்ளட்டும்.

கான்பாரா ஷூசோ


1960 செப்டம்பர் 26

டாக்டருக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் வைத்துக்கொண்டிருந்தேன். தாமதிப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு என்று நீங்கள் நினைக்கலாம். அது உங்கள் உரிமை.

ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு எனக்கு முடிவு தெரியும். உண்மையில் ஐந்தாம் தேதியே தெரியும். மியோவின் கிருமியை ஆகஸ்டிலேயே கானாமைசினோடு வைத்துப் பார்த்திருந்தேன். ஐந்தாம் தேதி மாலையே ஒரு தந்தி அடித்திருக்கலாம். தட்டு சொல்லட்டும், சோதிக்காமல் சொல்வது முறையல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முறைக்கு அஞ்சியவள் போல.

தலைமை டாக்டர் மருந்தை என் கையில் கொடுத்து, "இன்னிக்கே அனுப்பிடும்மா" என்றார். கடிதம் எழுதினேன். பொட்டலம் கட்டினேன். முகவரி எழுதும்போது உங்கள் பெயரில் கை நின்றது. மேசை இழுப்பறையில் வைத்தேன். மதியப் படகு போகட்டும், மாலைப் படகில் அனுப்பலாம் என்று நினைத்தேன். கான்பாராவும் தன் பேரனின் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கட்டும், மருந்து கேட்காத பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். எட்டாம் தேதியும் அதையே நினைத்தேன். எனக்கு அது சுகமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

மூன்று குப்பிகள் வந்தன. மூன்று பெயர்களை நானே தட்டின் அடியில் எழுதினேன். ஆனால் அந்த இரண்டு நாளும் என் கண்ணுக்கு உங்கள் ஒரு பேரன் மட்டும்தான் தெரிந்தான்.

எனக்காக நீங்கள் மௌனம் காக்கவேண்டாம். என் கழுத்துக் கயிறு உங்கள் மேசை இழுப்பறையில் கிடப்பதை நான் சம்மதிக்கமாட்டேன். தலைமை டாக்டரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். விசாரணை முடியும்வரை பிறர் கண்காணிப்பில்தான் நான் வேலை செய்யலாம் என்று உத்தரவு. ஓகிக்குக் கடிதம் எழுதமுடியாது. தன் மகள் எப்படிச் செத்தாள் என்ற கடிதத்தை அவரே சுமந்து போகவேண்டியிருக்கும். வியாழக்கிழமை காலைப் படகில் வருகிறேன். அவர் வீட்டுக்கு நான் ஒருமுறையும் போனதில்லை. ஓகியின் வீட்டுக்கு வழி காட்டுங்கள். உள்ளே வரவேண்டாம்.

உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது அப்படியே இருக்கிறது.

இட்சுகோ


1960 அக்டோபர் 9

இட்சுகோ அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் முத்திரை இருக்காது. ஏன் என்று முடிவில் தெரியும்.

அன்று நீங்கள் ஓகியின் வீட்டுக்குள் இருந்தபோது நான் வேலிக்கு வெளியே நின்றேன். அழுகை கேட்கும் என்று நினைத்துக் காத்திருந்தேன். நீங்கள் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் துறைக்கு நடந்துவிட்டீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஓகியின் மனைவிதான் பிறகு என் வீட்டுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். நீங்கள் பாயில் நெற்றி பதித்து எல்லாவற்றையும் சொன்னீர்களாம். அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம். "அந்த ரெண்டு நாளும் மருந்து எங்க இருந்துச்சு?" இழுப்பறையில் என்றீர்களாம்.

மறுநாள் ஓகி என்னிடம் வந்து, கடிதத்தோடு அந்த உறையைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். கடிதத்தின் தேதியையும் உறையின் முத்திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தபால் பையில் வைத்துக்கொண்டார். காவல் நிலையத்துக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. தினமும் அதைச் சுமந்துகொண்டு தபால் கொடுத்துவருகிறார். என்னிடம் பேசுவதில்லை.

நேற்று அவரே வந்தார். கியோவின் தம்பிக்கு, மூன்று வயசு, முந்தாநாள் இரவிலிருந்து ரத்தம் போகிறது. கானாமைசினில் மிச்சம் இருந்ததைத் தொடங்கிவிட்டேன். இந்தக் கிருமிக்கு அது கேட்குமா, அதையும் தாங்கப் பழகிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. சோதிக்கவேண்டும் என்றேன். நகரத்தில் வேறு ஆய்வுக்கூடம் இருக்கிறது, அங்கே அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றார்.

"அவங்களே பார்க்கட்டும். இந்த வேலை அவங்களுக்குத்தான் தெரியும். குப்பியை நானே கொண்டுபோறேன். தட்டுல போடுறதுலருந்து முடிவு சொல்ற வரைக்கும், ரெண்டு நாளோ மூணு நாளோ, இந்தத் தடவை நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருப்பேன்."

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவர் அவர்தான். அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

கான்பாரா ஷூசோ